சின்ன ஹாலே போதும்

சின்ன இடத்தில் நெரிசல் இல்லாமல், வந்தவர்கள் வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற மாதிரி ஒரு விசேஷத்தை எப்படி நடத்துவது என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டார். எனக்கு மைக்கில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவர் எதிர்பார்த்தது இதையல்ல என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுதியாகிவிட்டது.

தொழில் விஷயங்களை உங்களுக்கு மற்றவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். சாப்பாட்டு மேஜையை வாசலுக்கு நேராகப் போடக்கூடாது. போட்டால் வருகிறவர்களும் தட்டோடு நிற்கிறவர்களும் இடித்துக்கொள்வார்கள். காற்று வராத மூலையில் வயதானவர்களை உட்கார வைக்கக்கூடாது. ஸ்பீக்கரை மேடைப் பக்கம் திருப்பி வைத்தால் பின்னால் இருப்பவர்கள் தலைவலி இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போனால் யார் முதலில் எழுந்திருப்பார்கள், எந்தப் பக்கம் போவார்கள் என்று முன்கூட்டியே யோசித்து அந்த வழியில் எதையும் வைக்காமல் விட வேண்டும். இவையெல்லாம் நாலைந்து விசேஷம் பார்த்தால் உங்களுக்கே வந்துவிடும். கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கூட இப்போது பார்த்துவிடுகிறீர்கள்.

கம்ப்யூட்டரில் வராத ஒரு விஷயத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். "இடம் சின்னது" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அதை அளவு பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இது புரிந்த கதை நல்ல கதையல்ல.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்களில் நான் மல்லேஸ்வரத்தில் ஒரு மினி ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு விவேக் நகரில். காலையில் இரண்டு பஸ் மாறிப் போவேன். கீழே ஒரு ஸ்டேஷனரி கடையும் தையல் கடையும், முதல் மாடியில் ஹால், மொட்டை மாடியில் ஷீட் போட்ட சாப்பாட்டு இடம். அறுபது பேருக்கு என்று ஓனர் போர்டில் எழுதி வைத்திருந்தார். ஓனர் கன்னடக்காரர். என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நல்ல மனிதர், ஆனால் விசேஷ நாளில் ஹால் பக்கமே வரமாட்டார். புக்கிங்கிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை எல்லாம் என் பொறுப்பு.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த அம்மா மகனோடு சென்னைக்குப் போகிற சமயத்தில் எனக்கு ஒரு வாரம் கூட இருந்து வேலை காட்டினார். நிறைய சொன்னார். பாதிக்கு மேல் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் அப்போதே மனதில் ஏறிக்கொண்டது. "ஹாலைத்தான் வாடகைக்கு விடறோம். நம்ம வாயை விடறதில்ல. வீட்டுக்காரங்க எதையாவது உன்னைச் சொல்லச் சொன்னா, உண்மையா இருந்தா சொல்லு. இல்லன்னா அவங்களே சொல்லிக்கட்டும்" என்றார். யாரிடம் எதைச் சொல்லப்போய் அவருக்கு இந்தப் புத்தி வந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒருவர் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஹால் பார்க்க வந்தார். அதே மல்லேஸ்வரத்தில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார், என்னையும் "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். மகள் சுதா கூடவே வந்திருந்தாள். மாப்பிள்ளை அவளோடு ஒரே ஆபீசில் வேலை செய்கிற பையன், பிரபு என்று பெயர், வீடு ஈஜிபுராவில் என்று அவளே சொன்னாள். ஈஜிபுரா எங்கள் விவேக் நகருக்குப் பக்கம்தானே, எந்த வீதி என்று நான் ஆர்வமாகக் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் அப்பா, "மேல சாப்பாட்டு இடத்தைக் காட்டுறீங்களா?" என்று எழுந்துவிட்டார்.

எங்கள் ஓனருக்கே இரண்டு தெரு தள்ளி இதைவிடப் பெரிய ஹால் ஒன்று இருந்தது. நிச்சயதார்த்தத் தேதியில் அது காலியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் உறவுக்காரர்கள் இருப்பார்களே என்று நான் அதைப் பற்றிச் சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஓனரிடம் பேசிக் குறைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாம்மா. சின்ன ஹாலே போதும்" என்றார்.

சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் அடுத்துக் கேட்டவை சிக்கனக்காரர் கேட்கிறவையாக இல்லை. மேடையில் பெரிய சோபா செட் வேண்டும். மேடைக்குக் கீழே இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சோபா. பூ சுற்றிய தூண்கள். நடுவில் கண்ணாடி டீப்பாய் போட்டு, சுற்றி உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

"சார், இது அறுபது பேர் ஹால். இவ்வளவு சாமான் போட்டா நாப்பது பேருக்கே மூச்சு முட்டும். இடமே இருக்காது" என்றேன்.

"பரவாயில்ல. பாக்க நல்லா இருக்கணும்."

சுதா, "அப்பா, அவங்க சொல்றது சரிதானே" என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "மாப்பிள்ளை வீட்ல இருந்து பத்துப் பேர்தான். பையன்கிட்ட பேசிட்டேன். ஹால் சின்னதுன்னு அவருக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னார்.

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். சின்ன இடத்தை எடுத்துக்கொண்டு, அதையும் சாமான் போட்டு அடைக்கிற ஒருவர் எதற்காக அப்படிச் செய்கிறார் என்று. எனக்கு அவருடைய ரசனை மோசம் என்றுதான் தோன்றியது.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை. முகூர்த்தம் முடிந்து மதியச் சாப்பாடு. காலையிலேயே பெண் வீட்டார் வந்து ஹால் பாதி நிறைந்துவிட்டது. பட்டுப் புடவைகள், மல்லிகை, ஃபில்டர் காபி. நான் பயந்த மாதிரியே சோபாக்களுக்கு இடையில் ஆட்கள் பக்கவாட்டில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா அனுப்பிய காரில் பிரபுவும் அவன் அம்மாவும் வந்தார்கள். பின்னாலேயே ஆட்டோக்களில் அவன் ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர். பிரபு உயரமாக, ஒல்லியாக, புது சில்க் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்ப்பவர். மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். சோபாவில் உட்காரச் சொன்னார்கள். நுனியில் உட்கார்ந்தார். எனக்கு அதைப் பார்த்ததும், சோபாவே வேண்டாம் என்று இன்னும் கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம் என்று இருந்தது. சாதாரணச் சேராக இருந்தால் அவர் சரியாக உட்கார்ந்திருப்பார்.

புரோகிதர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு டெம்போ வேன் வந்து நின்றது. வேனிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பெண்கள், ஆண்கள், இடுப்பில் குழந்தைகள், கையில் சீர்த்தட்டுகள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். எல்லோரும் நன்றாக உடுத்தியிருந்தார்கள். முன்னால் இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கலாம். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர்தான் பிரபுவின் பெரியம்மா என்று பின்னால் தெரிந்தது.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பெண்ணின் அப்பா என்னைக் கை கழுவுகிற இடத்துக்குக் கூப்பிட்டார். குரல் எப்போதும் போல மெதுவாகவே இருந்தது.

"கீழ வந்திருக்காங்க பாருங்க. பத்துப் பேர்னு சொல்லிருந்தேன். நீங்க போய் சொல்லிடுங்க."

"என்ன சார் சொல்லணும்?"

"ஹால்ல இதுக்கு மேல ஆள் ஏத்தக் கூடாது, ஃபயர் ரூல்னு சொல்லுங்க. நான் சொன்னா தப்பா எடுத்துக்குவாங்க. நீங்க ஹால்காரங்க. உங்க ரூல்னா அவங்க ஒத்துக்குவாங்க."

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. பெரிய ஹால் வேண்டாம் என்றது, சோபா, தூண், டீப்பாய், எல்லாம். மாப்பிள்ளை வீட்டு ஜாதி வேறு, அந்தச் சொந்தமெல்லாம் தன் உறவுக்காரர்கள் நடுவில் வந்து உட்காருவது பிடிக்கவில்லை, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மகளிடம் சொன்னால் மகள் கேட்கமாட்டாள். ஊரிடம் சொன்னால் படித்தவர் இப்படியா என்பார்கள். அதனால் சுவரைச் சொல்ல வைக்கப் பார்த்தார். சுவர் பேசாது என்பதால் என்னை.

"அப்படி ரூல் எதுவும் இல்ல சார்" என்றேன்.

"நீங்கதானே அன்னிக்கு இடமே இருக்காதுன்னு சொன்னீங்க?"

"சாமானை எல்லாம் போட்டா இருக்காதுன்னு சொன்னேன். எடுத்துட்டா இருக்கு. கொஞ்ச நேரம் குடுங்க, அத்தனை பேரையும் வசதியா உக்கார வெச்சிடறேன்."

அவர் என்னை முதல்முறையாகக் கோபமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். புரோகிதர் கூப்பிட்டார், போய்விட்டார்.

நெருக்கடியில் என்ன செய்வது என்று உங்களுக்கு நிறைய பாடம் நடத்துவார்கள். நான் அன்று செய்தது ஒன்றுதான். மறுத்தவுடனே நின்று வாதம் செய்யாமல், வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஹாலில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டு கீழ் சோபாக்களை வராந்தாவுக்குத் தள்ளச் சொன்னேன். டீப்பாயை ஆபீஸ் அறைக்குள் போட்டோம். பூத்தூண்களை இரண்டு பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தோம். ஸ்டோரிலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டு வந்து நடுவில் ஒரு நடை விட்டு இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டோம். முன் வரிசை இரண்டையும் மாப்பிள்ளை வீட்டுக்கு என்று விட்டேன். பெண் வீட்டு விருந்தாளிகள் எழுந்து வழி விட்டார்கள். முகம் சுளித்தவர்களைவிட, "இப்பதான் காத்து வருது" என்றவர்கள்தான் அதிகம்.

மேலே ஓடி சமையல்காரரிடம், "இன்னும் முப்பது பேருக்குத் தாங்குமா?" என்று கேட்டேன். அவர் குழம்பு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "குழம்பு, ரசம் தாங்கும். சாதம் இன்னொரு ஈடு வடிக்கணும். ஜாங்கிரி பத்தாது. ரவை இருக்கு, கேசரி கிண்டிடறேன்" என்றார். பந்தியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். எல்லாம் சரியாகிவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொழிலில் நான் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டேதான் படி இறங்கினேன்.

கீழே பிரபு எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

நான் வாயைத் தரவில்லை என்றதும் பெண்ணின் அப்பா வேறு வாயைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் சேர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவனை மேடையிலிருந்து தனியாகக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறார். என்ன சொன்னாரோ தெரியாது. அவன் வேனுக்குப் பக்கத்தில், அந்தத் தாம்பாளம் பிடித்திருந்த அம்மாவின் முன்னால் நின்று, தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, மேல இடமே இல்ல. சின்ன ஹால். நிக்கக்கூட முடியல. நீங்க எல்லாரும் இப்ப வீட்டுக்குப் போயிடுங்க. சாயங்காலம் நானும் அம்மாவும் அங்க வந்துடறோம். எல்லாருக்கும் சாப்பாடு சொல்லிடறேன்."

பின்னால் நின்ற ஒரு ஆள், "சும்மா நின்னு பாத்துட்டு வந்துடறோம்டா, உக்கார வேணாம்" என்றார்.

"இல்ல மாமா. அதுக்கும் இடம் இல்ல."

நான் மிச்சப் படிகளையும் இறங்கி அவர்கள் நடுவில் போய் நின்றேன். "இடம் இருக்கு தம்பி. எல்லாருக்கும் சேர் போட்டாச்சு. முன் வரிசை உங்களுக்குத்தான். வாங்கம்மா, வாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஆச்சரியப்படுவான், ஒரு நிமிஷம் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் இருந்தது பயம். நான் அவனுக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்ட மாதிரி பார்த்தான்.

"மேடம், ப்ளீஸ். இது எங்க குடும்ப விஷயம். நீங்க உங்க வேலைய பாருங்க."

குழந்தை வைத்திருந்த ஒரு பெண் வேன் கதவைத் திரும்பவும் திறந்தாள். பெரியம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவன் நிமிரவே இல்லை. அவர் தாம்பாளத்தை அவன் கையில் கொடுக்க நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

"இல்லம்மா" என்றார் என்னிடம். "அவன் சொல்றது சரிதான். எங்களுக்கு இங்க இடம் இல்ல."

வேன் திரும்பிப் போனது. பிரபு தாம்பாளத்தோடு மேலே வந்து, அதை மற்றத் தட்டுகளோடு மேடையில் வைத்தான்.

நான் மேலே வந்தபோது ஹால் அழகாக இருந்தது. காற்றோட்டமாக, நடக்க வழியோடு, சுத்தமாக. முன்னால் இரண்டு வரிசை காலி. பெண்ணின் அப்பா வந்து, "யாரைக் கேட்டு சோபாவ எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தவர், படி வழியே யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி, இருக்கட்டும். முன்னாடி இந்த காலிச் சேரை எடுத்துடுங்க, போட்டோல நல்லா இருக்காது" என்றார். நான் எடுக்கவில்லை. கேட்காத மாதிரி சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த நாற்காலிகளில் கைப்பைகளும் குழந்தைகளின் ஸ்வெட்டர்களும் இருந்தன.

பிரபுவின் அம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. சோபாவை எடுத்தபின் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். வாசல் தெரிகிற இடம். நான் காபி கொண்டு போய்க் கொடுத்தபோது பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"எங்க அக்கா வரணும். அவங்க வந்தாதான் தட்டு மாத்தணும்னு சொல்லிருக்கேன். எனக்கு ரெண்டு ஷிஃப்ட் டியூட்டி இருந்தப்ப எல்லாம் இவனை வளத்தது அவங்கதான். ஸ்கூல்ல அம்மா பேரு கேட்டா அவங்க பேரச் சொல்லிட்டு வருவான்" என்று சிரித்தார். "வேன் சொல்லிட்டு வர்றாங்க. ட்ராஃபிக்ல மாட்டிகிட்டாங்க போல. கொஞ்சம் கீழ பாத்து சொல்றீங்களாம்மா?"

என் வேலையில் அதுபோல ஒரு கஷ்டமான நிமிஷம் வந்ததில்லை. பொய் சொன்னால் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உண்மையைச் சொன்னால் அந்த மேடை அங்கேயே உடையலாம். உடைக்கிற உரிமை எனக்கு உண்டா? மறைக்கிற உரிமை மட்டும் உண்டா? நான் யாரையும் குறை சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"வந்தாங்கம்மா. வேன்ல வந்தாங்க. உங்க பையன் கீழ போய்ப் பேசினாரு. திரும்பிப் போயிட்டாங்க. சீர்த்தட்டு மட்டும் மேல வந்திருக்கு."

அவர் மேடையைப் பார்த்தார். தாம்பாளம் அங்கே இருந்தது. மகனைப் பார்த்தார். அவன் சுதாவின் சித்தப்பா ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தான். காபி டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கூப்பிட்டபோது எழுந்து போனார். தட்டு மாற்றினார். போட்டோவுக்கு நின்றார். சிரிக்கச் சொன்னபோது சிரித்தார்.

சாப்பிட மட்டும் வரவில்லை. இன்றைக்கு விரதம் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன விரதம் என்று பெண் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பந்தி முடிந்தபோது கேசரி ஒரு அண்டா நிறைய மிஞ்சியது. பெண்ணின் அப்பா தாராளமாக, "அதைப் பேக் பண்ணி மாப்பிள்ளை அம்மாகிட்ட குடுத்து விடுங்க, அவங்க சொந்தக்காரங்களுக்கு ஆகும்" என்றார். நான் போய்ச் சொன்னேன். "வேண்டாம்மா. எங்க வீட்ல இந்நேரம் எல்லாரும் சாப்பிட்டிருப்பாங்க" என்றார் அந்த அம்மா. காரில் போகவில்லை. ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னார். தனியாக ஏறிப் போனார்.

சுதா புடவை மாற்றிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் ஆபீஸ் அறைக்கு வந்தாள். "அவங்க பெரியம்மாவ பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன். ஏன் வரலைன்னு கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"பிரபுவையே கேளுங்க. தனியா இருக்கும்போது கேளுங்க" என்றேன்.

கேட்டாளா, என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் நடந்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன். வேறு ஹாலில்.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா எங்கள் ஓனரைப் பார்க்க வந்தார். என் மேல் புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் பையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு ஓனர் முன்னாலேயே பாராட்டினார். அவ்வளவு சின்ன ஹாலில் அவ்வளவு விசாலமாக ஒரு நிச்சயதார்த்தத்தை யாருமே பார்த்ததில்லையாம். இடிபடாமல், வியர்க்காமல், நிதானமாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். சோபாவை எடுத்தது நல்ல யோசனையாம். ஓனர் என்னைப் பார்த்து, "பரவாகில்லம்மா, ஒள்ளே கெலசா" என்றார். நல்ல வேலை என்று அர்த்தம். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது. முப்பது பேரைத் திருப்பி அனுப்பினால் எந்த ஹாலும் விசாலமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு மல்லேஸ்வரத்திலிருந்தும் ராஜாஜி நகரிலிருந்தும் எனக்கு வந்த வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு விசேஷத்தால் வந்தது. "அன்னிக்கு மாதிரியே பண்ணிக் குடுங்க" என்று கேட்டு வருவார்கள். நீங்கள் இப்போது வேலை பார்க்கிற இந்த நிறுவனத்துக்கு என்னை எடுத்ததும் அந்தப் பெயரை வைத்துத்தான். நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சின்ன இடம்தான் வேண்டும் என்று யாராவது அழுத்திச் சொன்னால், யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்பதில்லை. யாரை எல்லாம் கூப்பிட முடியாமல் போகிறது என்று கேட்பேன். வீடு சின்னது, கையில் வசதி குறைவு என்கிறவர்கள் உடனே மனசு விட்டுப் பேசுவார்கள், இன்னாரைக் கூப்பிட முடியவில்லை என்று வருத்தப்படுவார்கள். அவர்களுக்காக மொட்டை மாடி, வராந்தா, பக்கத்து வீட்டு முற்றம் என்று எப்படியாவது இடம் கண்டுபிடிப்பேன். மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அவர்களுடைய வேலையையும் எடுத்துக்கொள்வோம், தொழில் அது. ஆனால் அவர்கள் சார்பில் வாசலில் போய் நிற்காதீர்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் முடித்தால் நான் ஏதோ சரியாகச் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை. எங்கள் விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் குழந்தை ஏசு கோயிலுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்க இடம் இருக்காது. கூட்டத்தில் ஒரு அம்மா என் கையைத் தொட்டார். பூ வைக்காததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"நீங்க அந்த மல்லேஸ்வரம் ஹால்ல இருந்தவங்கதானே?"

அப்போதுதான் பிரபுவின் பெரியம்மா என்று தெரிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருக்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சும்மா. கோவத்துல கேக்கல. அன்னிக்கு எதுக்கு கீழ வந்து சேர் போட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"உங்களை எல்லாம் மேல கூட்டிட்டுப் போகத்தான்."

"தெரியும். நல்ல மனசுலதான் சொன்னீங்க. ஆனா நீங்க மட்டும் அதைச் சொல்லாம இருந்திருந்தா, பாவம், ஹால் சின்னதாம், புள்ள என்ன பண்ணுவான்னு பேசிகிட்டே வீட்டுக்குப் போயிருப்போம். சாயங்காலம் அவன் வந்தப்ப சோறு போட்டிருப்பேன். நீங்க சொன்னதால அவன் பொய் சொல்றான்னு வேன்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போச்சு. சாயங்காலம் அவன் வந்தான். யாரும் கதவத் திறக்கல. கல்யாணத்துக்கு அவன் அம்மா மட்டும்தான் போனா."

பொய் தெரியாமலே இருந்திருந்தால் நல்லதா என்று அவரிடம் கேட்க முடியாது. மன்னிப்புக் கேட்டால், எதற்கென்று கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. ஜனம் நெருக்கியடித்து ஏறியது. அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நகரச் சொல்லி, பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.